இமயமலைப் பிளவுகளும் தில்லியில் நம் வீடும்

2025 பிப்ரவரி 17-ஆம் தேதி விடியற்காலை 5.36 மணிக்குத் தில்லியில் வந்த நில நடுக்கத்தைச் சங்கத்து அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் அளவு 4.0 மட்டுமே. ஆனால் மையம் தௌலா குவான் பக்கம், ஐந்தே கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அதனால் ஆட்டத்தோடு உறுமல் சத்தமும் கேட்டது. போர்வையோடு படியிறங்கி ஓடியவர்கள் பலர். அதற்குப் பிறகு என்னைப் பார்ப்பவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "பெரியது எப்போது சார் வரும்?" என்பது ஒன்று. "நம்ம ஃபிளாட் தாங்குமா?" என்பது மற்றொன்று.

நான் புவியியல் வல்லுநன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பாதை, பாலம், சுரங்கம் என்று பார்த்து ஓய்வு பெற்றவன். மலைப் பிரிவில் வேலை பார்த்தவனுக்குப் பாறையோடு பழக்கம் ஏற்படாமல் போகாது. அந்தப் பழக்கத்தில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதல் கேள்விக்கு இன்றுவரை உலகில் எவரிடமும் விடை இல்லை. நாளும் நேரமும் குறித்துச் செல்பேசியில் வரும் செய்திகளைப் படிக்காமலே அழித்துவிடலாம். ஆனால் "எங்கே வரும், எவ்வளவு பெரிதாக வரும், எத்தனை நூற்றாண்டுக்கு ஒரு முறை வரும்" என்ற கேள்விகளுக்கு ஓரளவு விடை உண்டு. அந்த விடை மலையடிவாரத்து மண்ணிலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அங்கிருந்துதான் வழி பிறக்கிறது.

மலை ஏன் நடுங்குகிறது?

1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் ஒரு பெரும் பூகம்பம் ஏற்பட்டுப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது காந்தியடிகள் நம் திருநெல்வேலியில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை இது என்று அங்கு நடந்த கூட்டத்தில் பேசினார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று தாகூர் அதை மறுத்து எழுதினார். தீண்டாமை பாவம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பூகம்பத்தின் காரணத்தில் மட்டுமே வேறுபட்டார்கள். தாகூர் தேடச் சொன்ன காரணம் இன்று நமக்குத் தெரியும்.

நாம் வாழும் இந்திய நிலப்பகுதி ஒரு பெரிய பாறைத் தட்டு. அது வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியத் தட்டின்மீது மோதியது. மோதல் இன்னும் முடியவில்லை. மோதிய இடம் மடிந்து எழும்பியதுதான் இமயமலை. செயற்கைக்கோள் வழியாக இடத்தைத் துல்லியமாக அளக்கும் கருவிகளை நாட்டின் தெற்கிலும் மலைக்கு அப்பாலும் நிறுவி ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். இமயமலையின் குறுக்கே மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இடைவெளி குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் சங்கிலி போட்டுத் தொடங்கிய நில அளவைதான் இமயம் வரை சென்றது. இன்றைய அளவைகளுக்கு அதுவே மூதாதை.

2 சென்டிமீட்டர் என்பது அற்பம்தானே என்று தோன்றலாம். சிக்கல் என்னவென்றால், அது ஆண்டுதோறும் வழுக்கிக்கொண்டு போவதில்லை. பாறையும் பாறையும் பற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றன. ரயில்வேக்காரன் என்பதால் எனக்குத் தண்டவாளத்தை வைத்துச் சொன்னால்தான் நிறைவு. இப்போதெல்லாம் தண்டவாளங்களைக் கிலோமீட்டர் கணக்கில் ஒட்டவைத்து ஒரே நீளமாகப் போடுகிறோம். தை மாதக் குளிரில் அந்த இரும்பு சுருங்கப் பார்க்கும். சிலீப்பரும் பிடிப்பானும் விடாது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளே இழுவிசை ஏறிக்கொண்டே இருக்கும். எங்கோ ஒரு பலவீனமான இடத்தில், ஒரு விடியற்காலையில், துப்பாக்கி வெடித்தாற்போலத் தண்டவாளம் முறிந்து இடைவெளி விழும். பூமியும் அப்படித்தான். பல நூறு ஆண்டுகள் சேர்ந்த விசையை ஒரு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. பாறை அப்படி முறிந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேல் நழுவும் இடத்துக்குத்தான் பிளவு என்று பெயர்.

பிளவுகள் மூன்று

வடக்கிலிருந்து தெற்காக இமயமலை நெடுகிலும் மூன்று பெரும் பிளவுகள் ஓடுகின்றன. உயர்ந்த பனிமலைகளின் அடிவாரத்தில் மையப் பிளவு, அதற்குத் தெற்கே எல்லைப் பிளவு, சமவெளி தொடங்கும் இடத்தில் முகப்புப் பிளவு. மேலே தனித்தனியாகத் தெரியும் இவை மூன்றும் பல கிலோமீட்டர் ஆழத்தில் ஒரே சரிவில் போய்ச் சேருகின்றன. மையப் பிளவு மிகப் பழையது. காலப்போக்கில் வேலை தெற்கே நகர்ந்து வந்து, இன்று பெரும்பாலும் முகப்புப் பிளவிலேயே நடக்கிறது.

பிளவு என்றவுடன் பயப்படத் தேவையில்லை. மலையில் சுரங்கம் குடைபவர்கள் பல பிளவுகளைக் கடக்கிறார்கள். நல்ல பாறை வந்துகொண்டே இருக்கும். திடீரென்று மாவு போல நொறுங்கிய கல்லும் தண்ணீருமாகக் கொட்டும். அது ஒரு பழைய பிளவு. வேலைக்குத் தொல்லை, ஆனால் அது செத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கலாம். எரிமலையில் உயிருள்ளது, அவிந்தது என்று பிரிப்பதுபோல் பிளவிலும் பிரிக்கிறார்கள். கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் நகர்ந்திருந்தால் அதை உயிருள்ள பிளவு என்று கொள்வது பொதுவான வழக்கம். அது மீண்டும் நகரக்கூடியது.

கூழாங்கல் சொல்லும் கணக்கு

உயிருள்ளதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம்மில் பலர் சகாரன்பூர் வழியாகச் சாலையில் டேராடூன் போயிருப்போம். கரும்பு வயல்களுக்கு நடுவே தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் சாலை, மோகண்ட் என்ற இடத்தில் திடீரென்று சிவாலிக் மலைக்குள் நுழையும். சமவெளி மெல்ல உயர்ந்து மலையாவதில்லை, வெட்டினாற்போல் முடிகிறது. அந்த வெட்டுதான் முகப்புப் பிளவு. அடுத்த முறை போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்.

அங்கே ஓடும் காட்டாற்றின் இரு கரையிலும், இன்றைய படுகைக்கு 20, 30 மீட்டர் உயரத்தில் தட்டையான படிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் ஆறு உருட்டிய கூழாங்கற்கள் கிடக்கின்றன. ஆறு மேல்நோக்கிப் போய்க் கல்லை வைத்திருக்க முடியாது. ஆகவே அந்தப் படி ஒரு காலத்தில் ஆற்றுப் படுகையாக இருந்து, பிறகு நிலத்தோடு உயர்ந்திருக்க வேண்டும். அதிலிருந்த கரியை எடுத்து வயது பார்த்தார்கள். சுமார் 3,600 ஆண்டுகள் என்று வந்தது. ஏறக்குறைய 25 மீட்டர் உயர 3,600 ஆண்டு என்றால், ஆண்டுக்கு 7 மில்லிமீட்டர். பிளவு சுமார் 30 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வில் ஓரடி உயர வேண்டுமானால் இரண்டடி ஏற வேண்டும். ஆகவே பிளவில் நகர்வு ஆண்டுக்கு 14 மில்லிமீட்டர். செயற்கைக்கோள் சொன்ன 20 மில்லிமீட்டரில் பெரும்பங்கு இந்த ஒரு பிளவின் வழியாகவே தீர்கிறது என்று ஆகிறது. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் கூழாங்கல்லும் செயற்கைக்கோளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பள்ளம் தோண்டிப் படித்தல்

மோகண்ட் கணக்கு சராசரியைச் சொல்கிறது. ஒவ்வொரு பூகம்பத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமானால் பள்ளம் தோண்ட வேண்டும். முதலில் விமானப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் உற்றுப் பார்க்கிறார்கள். தட்டையாக இருக்க வேண்டிய வண்டல் நிலத்தில் நீளமாக ஒரு மேடு ஓடுகிறதா, ஓடைகள் எல்லாம் ஒரே கோட்டில் திரும்புகின்றனவா என்று தேடுகிறார்கள். பிறகு அந்த இடத்துக்குப் போய், மேட்டுக்குக் குறுக்கே பொக்லைன் வைத்துச் சில மீட்டர் ஆழத்துக்கு வெட்டுகிறார்கள். சுவரைக் குர்ப்பியால் சுரண்டிச் சுத்தம் செய்து, கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மணல், களிமண், கூழாங்கல் ஒவ்வொன்றையும் தாளில் வரைகிறார்கள்.

அடுக்கு அடுக்காகப் படிந்த மண்ணில், கீழ் அடுக்குகள் ஒரு கோட்டில் அறுந்து மேலேறியிருக்கும். அதற்கு மேலுள்ள அடுக்கு அறுபடாமல் மூடியிருக்கும். அறுந்த அடுக்கு பூகம்பத்துக்கு முந்தியது, அறாத அடுக்கு பிந்தியது. இரண்டிலும் உள்ள கரித்துண்டுகளின் வயதைக் கண்டால், பூகம்பம் எந்தக் காலத்துக்குள் நடந்தது என்று சொல்லிவிடலாம். கரியில் உள்ள ஒருவகைக் கார்பன் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். அதை வைத்துத்தான் வயது காண்கிறார்கள்.

இமாசலப் பிரதேசத்தில் நாஹன் போகும் வழியில் காலா ஆம்ப் என்ற ஊர் இருக்கிறது. அங்கே முகப்புப் பிளவின் குறுக்கே செந்தில் குமார், வெஸ்னவுஸ்கி, டேராடூன் வாடியா நிலையத்தின் தாக்கூர் முதலியோர் வெட்டிய பள்ளத்தின் முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. பிறகு சண்டிகரிலிருந்து ராம்நகர் வரை பல இடங்களில் தோண்டினார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜாவேத் மாலிக் முதலியோரும் இதே பகுதியில் உழைத்திருக்கிறார்கள். கி.பி. 1200-க்கும் 1700-க்கும் இடையே இந்தப் பிளவு தரைமட்டம் வரை கிழிந்து பல மீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அந்தப் பள்ளங்கள் காட்டின. 1905 ஏப்ரல் 4 அன்று காங்க்ராவில் ஏறக்குறைய இருபதாயிரம் பேரை விழுங்கிய பூகம்பம்கூட இந்த முகப்புப் பிளவைத் தரைவரை கிழிக்கவில்லை. அதைவிடப் பெரியவை முன்பு வந்திருக்கின்றன என்பதே இதன் பொருள். எந்த அரசாங்க ஏட்டிலும் இல்லாத செய்தி இது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. 2015 நேபாள பூகம்பம் 7.8 அளவுள்ளது. காத்மாண்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது. ஆனாலும் பிளவு தரைமட்டம் வரை கிழியவில்லை. நாளைக்கு எவரேனும் பள்ளம் வெட்டினால் அதற்குத் தடயமே இராது. இதற்கு மாறாக, 1934 பூகம்பமும் தரையைக் கிழிக்கவில்லை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நேபாள மலையடிவாரத்தில் பள்ளம் வெட்டி, கிழித்திருக்கிறது என்று காட்டும் ஆய்வு 2013-இல்தான் வெளிவந்தது. ஆக, இந்த ஏட்டில் சில பக்கங்கள் காணாமல் போயிருக்கலாம். கிடைத்த பக்கங்களே நம்மை எச்சரிக்கப் போதுமானவை.

இன்னொரு தவறான ஆறுதலையும் இங்கே களைந்துவிட வேண்டும். "சின்னச் சின்னதாக வந்தால் பெரியது வராது" என்று பலர் சொல்கிறார்கள். அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 4-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாடு பத்து லட்சம் மடங்கு. தௌலா குவான் போல் ஒரு நடுக்கம் தினமும் வந்தாலும் அந்தக் கடனை அடைக்க இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகள் ஆகும்!

இரண்டு சனிக்கிழமைகள்

2005 அக்டோபர் 8, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரில் முசாபராபாத் அருகே 7.6 அளவுள்ள பூகம்பம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே சனிக்கிழமை பள்ளி நாள். குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக் கட்டடங்கள் சரிந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் மாண்டார்கள். சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை கிழிந்தது. அந்தக் கிழிசலின் பகுதிகளை ஜப்பானியப் பேராசிரியர் நகாத்தாவும் குழுவினரும் விமானப் படங்களைப் பார்த்து, 1991-இலேயே உயிருள்ள பிளவுகள் என்று வரைபடத்தில் குறித்திருந்தார்கள். கோடு வரைபடத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் கட்டியவர்களிடம் அது போய்ச் சேரவில்லை.

2015 ஏப்ரல் 25-உம் சனிக்கிழமைதான். நேபாளத்தில் அந்தப் பூகம்பம் நண்பகலுக்கு நான்கு நிமிடம் முன்பு வந்தது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன. ஆனால் அங்கே சனிக்கிழமை வார விடுமுறை. வகுப்பறைகள் காலியாக இருந்தன. ஒரு நாட்டில் குழந்தைகளைக் கொன்ற கிழமை, இன்னொரு நாட்டில் குழந்தைகளைக் காப்பாற்றியது. இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகளைக் காப்பது கிழமையின் வேலையா, கட்டடத்தின் வேலையா?

மலையில் வந்தால் தில்லிக்கு என்ன?

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் குதுப்மினாருக்கு அழைத்துப் போகிறோம். அங்கே புல்வெளியில் தனியாக ஒரு கல்மண்டபம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1803 செப்டம்பர் 1 அன்று கடுவாலில் ஏற்பட்ட பூகம்பத்தில் பத்ரிநாத் கோயில் சேதமுற்றது. இங்கே மினாரின் உச்சிக் கவிகையும் விழுந்தது. மேஜர் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1828-இல் அதற்குப் பதிலாக ஒரு மண்டபம் வைத்தார். பொருத்தமில்லை என்று அதை 1848-இல் இறக்கிவிட்டார்கள். அதுதான் இது, 'ஸ்மித்தின் மடமை' என்று பெயர். எனக்கு அது வேடிக்கைப் பொருளாகத் தெரியவில்லை. மலையில் ஆடியது தில்லிவரை வந்தது என்பதற்கு அது கல்லில் உள்ள ரசீது. அந்த 1803-க்குப் பிறகு கடுவால், குமாவுன் பகுதியில் அவ்வளவு பெரியது வரவில்லை. 1991 உத்தரகாசியும் 1999 சமோலியும் 7-க்கு உட்பட்டவை. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வீதம் நான்கு மீட்டருக்கு மேல் கடன் ஏறியிருக்கிறது.

தூரம் காக்கும் என்றும் இருந்துவிட முடியாது. 1985-இல் மெக்ஸிகோ நகரம் பூகம்ப மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. பழைய ஏரிப் படுகையின்மேல் கட்டிய மாடிகள் ஆயிரக்கணக்கானோரோடு சரிந்தன. மெத்தென்ற மண், கிண்ணத்தில் வைத்த தயிர்போல, ஆட்டத்தைப் பெருக்கும். தில்லியிலும் மண் ஒரே மாதிரி இல்லை. ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் நிற்பது ஆரவல்லிப் பாறையின்மேல். யமுனைக்கு அக்கரையில் மயூர் விஹார் நிற்பது ஆற்று வண்டலின்மேல். அதனால் அக்கரைக்காரர்கள் வீட்டை விற்க வேண்டியதில்லை, கட்டுமானத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதே பொருள். 2001 குடியரசு தினத்தன்று பூஜில் வந்த பூகம்பத்தில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தச் சுவரில்லாமல் தூண்களில் தூக்கிக் கட்டியவை.

2002-ஆம் ஆண்டு இந்திய தர நிர்ணய வரைபடத்தில் தில்லியும் டேராடூனும் நான்காம் மண்டலத்திலும், குவாஹாத்தியும் ஸ்ரீநகரும் ஐந்தாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. சென்னையும் அப்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. ஆகவே ஊரில் வீடு கட்டுபவர்களுக்கும் இந்தச் செய்தி உண்டு.

நாம் செய்யக்கூடியவை

ரயில்வே பாலத் தூண்களில் வெள்ளத்தின் உச்ச மட்டத்தைக் கோடு போட்டு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளம் மீண்டும் எந்தத் தேதியில் வரும் என்று எந்த எஞ்சினீயரும் கேட்பதில்லை. வந்தால் தாங்க வேண்டும் என்று கட்டுகிறோம், அவ்வளவுதான். மலையடிவாரத்துப் பள்ளங்களில் கிடைப்பதும் அதே போன்ற ஒரு கோடுதான். தேதி தெரியாததால் அதற்கு மதிப்புக் குறைவதில்லை. நம் அளவில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

1. ஃபிளாட் வாங்குமுன் மொசைக்கையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதோடு, மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டுமான வரைபடத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

2. கீழ்த்தளம் வெறும் தூண்களில் நிற்கும் கட்டடமானால், குடியிருப்போர் சங்கத்தில் பேசி ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். தூண்களைப் பருக்க வைக்கவும், தகுந்த இடத்தில் சுவர் எழுப்பி உறுதிப்படுத்தவும் வழிகள் உண்டு. செலவு எல்லோருக்கும் பிரியும்.

3. சொந்தமாகக் கட்டினால், காங்கிரீட் போடுமுன் தூண் கம்பிகளைப் போய்ப் பாருங்கள். உத்தரத்தோடு சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங்குகள் நான்கு அங்குலத்துக்கு மிகாமல் நெருக்கமாக இருக்க வேண்டும். ரிங்கின் முனை வெறும் செங்கோணமாக மடியாமல், 135 பாகை வளைந்து தூணின் உள்ளே புகுந்திருக்க வேண்டும். இதற்குக் கூடுதலாக ஆகும் கம்பி மிகக் கொஞ்சம். ஆட்டத்தில் தூண் பிரிந்துபோகாமல் பிடிப்பது அதுதான்.

4. பீரோ, புத்தக அலமாரி, தண்ணீர் வடிகட்டி ஆகியவற்றைச் சுவரோடு பிணையுங்கள். கட்டில் தலைமாட்டில் கனமான படம் வேண்டாம்.

5. ஆடும்போது லிஃப்டும் படிக்கட்டும் ஆகாது. உறுதியான மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு இறங்குங்கள்.

6. உங்கள் குழந்தைகளும் பேரக் குழந்தைகளும் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "இந்தக் கட்டடத்தைக் கடைசியாக எந்தப் பொறியாளர் பார்த்தார்? குழந்தைகளுக்குப் பயிற்சி நடந்ததா?" ஒருவர் கேட்டால் தொல்லை என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

பிழைப்புக்காக வடக்கே வந்த நாம், இங்கேயே வீடு வாங்கி, குழந்தைகளை வளர்த்து, இந்த மண்ணை நம் மண்ணாக்கிக்கொண்டோம். குளிருக்கு ரஜாயும் கோடைக்குக் கூலரும் வாங்கிக்கொண்டதுபோல், இதற்கும் பழகிக்கொள்ள வேண்டியதுதான். மேற்சொன்ன ஆறில் ஒன்றையாவது இந்த மாதமே செய்துவிடுங்கள். நான்காவதற்கு ஒரு டிரில் மிஷினும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.